ஊட்டுல இருக்கறவளுக்குக் கேக்கோணும்

நெய்கின்ற ஊர்களுக்கும் விற்கின்ற ஊர்களுக்கும் நடுவே நெடுங்காலமாக நேர்மையோடு நடந்துவரும் மன்றத் தலைவர் ஐயா பிரபாகர் அவர்களே, இந்த மன்றத்தின் மூச்சாக இருந்து இன்று காலையிலிருந்து பெருமூச்சாக மாறியிருக்கும் செயலாளர் ஐயா குணசீலன் அவர்களே, முதல் வரிசையில் வெள்ளை வேட்டியும் விபூதிப் பூச்சுமாக வீற்றிருக்கும் பெரியோர்களே, அஸ்தம்பட்டியிலிருந்து நடந்தும், ராசிபுரத்திலிருந்தும் குமாரபாளையத்திலிருந்தும் பேருந்து மாறியும் வந்து சேர்ந்திருக்கும் அன்பர்களே, எந்த விழாவானாலும் வலப்பக்க ஓரத்தில், மேடையில் பாதியை மறைக்கும் அந்தத் தூணுக்குப் பின்னால் உட்கார வைக்கப்படும் என் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

இன்னும் நான்கு பேருக்கு நான் வணக்கம் சொல்ல வேண்டும். அவர்கள் இந்த மண்டபத்துக்குள் இல்லை. எதிரே ஏற்காடு சாலையில், டீக்கடை பெஞ்சில், கருவிப் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் வணக்கம். மைக் இருப்பதால் அது அவர்கள் காதில் விழும் என்று நம்புகிறேன்.

கோகிலவாணி என்றால் சிரிக்க வைப்பாள், பட்டிமன்றத்தில் மாமியார் கட்சியும் பேசுவாள், மருமகள் கட்சியும் பேசுவாள் என்று எண்ணி வந்திருப்பீர்கள். எனக்குக் கொடுத்த தலைப்பு 'இசையால் இணைவோம்'. அருமையான தலைப்பு. ஆனால் இன்று எனக்குக் கோபம். கோபத்தோடு மேடை ஏறக்கூடாது என்பார்கள். எந்த மேடையில் கோபம் மூட்டப்பட்டதோ அந்த மேடையில் ஏறாமல் வேறு எந்த மேடையில் போய் நான் கோபப்படுவது?

என் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பேனரைப் பாருங்கள். தலைவர் படம் இருக்கிறது. செயலாளர் படம் இருக்கிறது. என் படமும் இருக்கிறது, பத்து வயது குறைத்துப் போட்டிருக்கிறார்கள், அதற்கு நன்றி. நடுவே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறதே, அது என்ன? அந்தத் தாளுக்குப் பின்னால்தான் இன்று இங்கே வாசிக்கவிருந்த அந்த நால்வரும் இருக்கிறார்கள். மறைத்தவர்கள் கொஞ்சம் பெரிய தாளாகப் பார்த்து ஒட்டியிருக்கலாம். ஓரத்தில் டூபா என்கிற பெரிய ஊதுகுழலின் வாய் வெளியே தெரிகிறது. அவ்வளவு பெரிய வாயை ஒரு தாளால் அடைக்க முடியாது ஐயா.

யார் அந்த நால்வர்? முதலாமவர் செல்லமுத்து. என் ஊரான ஜலகண்டாபுரத்தில் பகலில் தறிக்குப் பாவு நூல் ஓட்டுகிறார். அவருடைய குடும்பமே பேண்டு வாத்தியக் குடும்பம், அவர் கையில் கிளாரினெட். இரண்டாமவர் சலீம். சேலம் கடைவீதியில் பூட்டு சாவிக் கடை வைத்திருக்கும் பாய், வாசிப்பது டிரம்பெட். மூன்றாமவர் சின்னண்ணன். திருச்செங்கோட்டில் போர்வெல் லாரி ஓட்டியவர், அந்த டூபா அவருடையதுதான். பூமியைத் துளைக்கும் சத்தத்தில் பாதி வாழ்க்கையைக் கழித்தவர், அதனால்தான் மென்மையாக ஊதுவார். நான்காவது நித்யஸ்ரீ. இதே அஸ்தம்பட்டியில் பல் மருத்துவர் ஒருவரிடம் வேலை பார்க்கும் பெண். உங்களில் பாதிப் பேருக்கு டோக்கன் கொடுத்து உட்கார வைத்தவள். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டீர்கள். அவள் வாசிப்பது பேஞ்சோ. நம் பக்கத்தில் பேஞ்சோ என்றால் பட்டன் வைத்தது. இவளுடையது பட்டன் இல்லாதது, மத்தளத்துக்குக் கழுத்து முளைத்த மாதிரி இருக்கும், நரம்பை விரலால் தட்டி வாசிப்பாள்.

இவர்கள் வாசிப்பது ஜாஸ். அதிலும் பழைய ஜாஸ். மைக் கிடையாது, கீபோர்டு கிடையாது, ஒயர் கிடையாது. ஒருவர் மெட்டைப் பிடித்துக்கொள்வார். மற்றவர்கள் அதைச் சுற்றிச் சுற்றிப் பேசுவார்கள். ஒரே நேரத்தில் எல்லோரும் பேசுவார்கள், ஆனால் சண்டை வராது. நம் பங்காளி வீட்டு விசேஷத்தில் ஒருநாளும் நடக்காத அதிசயம் அது. சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், இன்னும் கொஞ்ச நேரத்துக்குத்தான் அனுமதி.

தறியோடும் ஊரில் இவர்கள் எப்படி வாசித்தார்கள் என்று கேட்பீர்கள். விசைத்தறி ஓடும் தெருவில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலே கேட்காது. நாங்கள் உதட்டைப் பார்த்துப் பேசிப் பழகியவர்கள். ஆனால் மாதத்தில் ஒரு நாள் மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும். ஊர் முழுக்கத் தறி நிற்கும். உலகமெல்லாம் கரண்டு போனால் திட்டும். எங்கள் ஊருக்குக் கரண்டு போனால்தான் காது வரும். அந்த நாளில் இந்த நால்வரும் எங்கள் தெருவுக்கு வந்து வாசிப்பார்கள். மைக் இல்லாதவர்களுக்குக் கரண்டு எதற்கு?

என் அம்மா ராஜம்மாள் தறி ஓட்டியவர். இதோ தலைவர் அவர்களின் தறிப்பட்டறையில்தான் வெகுகாலம் ஓட்டினார். தறிச்சத்தம் ஒரு காதை முழுக்க வாங்கிக்கொண்டது, மறு காதில் பாதியை விட்டுவைத்தது. அந்தப் பாதிக் காதை செல்லமுத்துவின் கிளாரினெட் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்பார். கடிகாரத்தைப் பார்க்க மாட்டார், மின்கம்பத்தைப் பார்ப்பார். "கரண்டு வாரதுக்குள்ள இன்னொண்ணு வாசிச்சுருங்க சாமி" என்பார்.

அப்படி ஒரு நாள் வாசிப்புக்கு நடுவே நித்யஸ்ரீ ஒரு செய்தி சொன்னாள். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் என்று ஒரு துறைமுக ஊர், இந்த இசை பிறந்த ஊர். அங்கே கறுப்பின மக்கள் இறந்தவரைக் கொண்டுபோகும்போது இந்த இசைக்காரர்கள் முன்னால் நடப்பார்கள். போகும்போது அழுதுகொண்டே போவதுபோல் மெதுவாக வாசிப்பார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது அடியோடு மாறிவிடும், ஆடவைக்கும் வாசிப்பு. தெருவே கூட வரும். இதைக் கேட்டுச் சின்னண்ணன் சிரித்தாராம். செல்லமுத்து சிரிக்கவில்லையாம். நம் ஊரில் பேண்டு செட் மயானத்தோடு சரி. அங்கேயே வாத்தியத்தை உறை போட்டுக் கட்டிவிடுவார்கள். திரும்பும்போது பேச்சே கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. அவர் அப்பா காலத்திலிருந்து வழக்கம் அதுதான்.

என் அம்மாவும் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்.

"நான் போனா நீங்க நாலு பேருந்தான் வரோணும். போறப்ப வாசிக்காட்டியும் போகுது. திரும்பி வாரப்ப வாசிங்க. ஊட்டுல இருக்கறவளுக்குக் கேக்கோணும்."

தூணுக்குப் பின்னால் இருக்கும் தாய்மார்களே, உங்களுக்கு இது புரிந்துவிட்டது. முன்வரிசைப் பெரியோர்களுக்கு மட்டும் விளக்குகிறேன்.

நம் வழக்கத்தில் பெண் தெருமுனையைத் தாண்டக்கூடாது. பெற்ற தாயானாலும், கட்டிய கணவனானாலும், தூக்கி வளர்த்த பிள்ளையானாலும், தெருமுனை வரைதான் அவளுக்கு உரிமை. மேளம் முன்னே போகும், ஆண்கள் பின்னே போவார்கள், அவள் திரும்பி வந்து வீடு கழுவ வேண்டும். அங்கே என்ன நடக்கிறது? குழிக்குள் இறக்கிவிட்டார்களா? கடைசிப் பிடி மண் போட்டது யார்? முகத்தை மூடும்போது யாராவது அழுதார்களா? யாரிடம் கேட்பது? ஆண்கள் வந்தபிறகு குளிப்பார்கள், விளக்கைப் பார்ப்பார்கள், தின்பண்டம் தொடாமல் ஒரு வாய் தண்ணீர் குடிப்பார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். என் அப்பா இறந்த அன்று என் அம்மா கையில் விளக்குமாற்றோடு வாசலைப் பார்த்தபடியே நின்றார். முடிந்துவிட்டது என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. ஈரத்தலையோடு ஆண்கள் வந்ததைப் பார்த்துத் தானாகத் தெரிந்துகொண்டார். அதை அவர் ஆயுள் முழுக்க மறக்கவில்லை. மகளுக்கு அப்படி ஆகக்கூடாது என்று எண்ணினார். அந்த மகள் நான்தான்.

போன மாதம் என் அம்மா போய்விட்டார்.

நால்வரும் வந்தார்கள். பாய் கடையை அடைத்துவிட்டு வந்தார், நித்யஸ்ரீ விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள். தலைவர் அவர்களும் பெரிய மாலையோடு வந்தீர்கள் ஐயா, அந்த நன்றி என்னிடம் இருக்கிறது. பெண்ணான நித்யஸ்ரீயும் மயானம் வரை போகிறாளே என்று யாரோ முணுமுணுத்தார்கள். "வாசிக்கறவ போகாம வாத்தியம் மட்டும் போகுமா" என்று செல்லமுத்து ஒரே வரியில் வாயை அடைத்தார். போகும்போது மெதுவாக ஒரு மெட்டு வாசித்துப் போனார்கள். கால் எடுத்து வைக்க மனம் வராதவர்கள் நடப்பதுபோல் இருந்தது அந்த மெட்டு. தெருமுனையில் நான் நின்றுவிட்டேன்.

எங்கள் தெருவில் பிணம் எடுக்கும்வரை தறி ஓடாது, எடுத்ததும் ஓடும். அதையும் நான் குறை சொல்லவில்லை, ஓடினால்தான் அடுப்பு எரியும். பாடை தெருவைத் தாண்டியதும் எல்லாப் பட்டறையிலும் தறி தொடங்கிவிட்டது. நான் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த இரைச்சலில் என் அழுகை எனக்கே கேட்கவில்லை. அம்மா ஆசைப்பட்டாரே, எனக்கு எப்படிக் கேட்கும் என்று நினைத்தேன். இந்தத் தறிச்சத்தத்தைத் தாண்டி நான்கு பேர் மூச்சும் விரலும் என் வாசல் வரை எப்படி வந்து சேரும்?

அப்போது தெருக்கோடிப் பட்டறையில் தறி நின்றது.

பிறகு அதற்கு அடுத்தது நின்றது. பிறகு எதிர்வரிசை. அன்று கரண்டு போகவில்லை. தறி ஓட்டிக்கொண்டிருந்த பெண்கள்தான் நிறுத்தினார்கள். தூரத்தில் என்னமோ கேட்கிறதே என்று ஒருத்தி நிறுத்தியிருக்கிறாள், அவள் நிறுத்தியதால் அடுத்தவளுக்குக் கேட்டிருக்கிறது, அவளும் நிறுத்தியிருக்கிறாள். ஒவ்வொரு வீடாகச் சத்தம் அடங்க அடங்க, ஒவ்வொரு வீடாக இசை முன்னே வந்தது. போகும்போது வாசித்த அதே மெட்டுதான். அப்போது தள்ளாடிப் போனது, இப்போது கைவீசி வந்தது. டிரம்பெட் முன்னே வந்தது, கிளாரினெட் அதன் தோளில் கைபோட்டு வந்தது, பேஞ்சோ துள்ளிக்கொண்டு வந்தது, டூபா எல்லாரையும் பத்திரமாகக் கூட்டி வந்தது. முடிந்தது, நல்லபடியாக முடிந்தது, இனி நீ அழலாம் என்று அது எனக்குச் சொன்னது. நான் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். தறியிலிருந்து எழுந்துவந்த பெண்கள் என்னைச் சுற்றி நின்று அழுதார்கள். அவர்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டுச் சாவுக்கு அன்றுதான் அழுதார்களோ, எனக்குத் தெரியாது.

இதுதான் அவர்கள் செய்த குற்றம். இதற்குத்தான் இந்த வெள்ளைத் தாள்.

இன்று காலை நால்வரும் மண்டபத்துக்கு வந்து சேர்ந்த பிறகு செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குரலில் தேன் சொட்டியது. "போறப்ப வாசிச்சது தப்பில்லீங்க அம்மா. திரும்பி வாரப்ப வாசிச்சாங்களாமா. அது சாவை ஊட்டுக்குக் கூட்டியாந்த மாதிரிங்களாமா. நம்ம மேடைக்கு ஆகாதுங்க" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். எல்லோரும் சொல்கிறார்கள் என்றார். இந்த எல்லோரும் என்பவரை நான் வாழ்நாள் முழுக்கத் தேடுகிறேன், ஒருநாளும் முகம் காட்டியதில்லை. அதோடு விட்டாரா? வேண்டுமானால் கருவிகளுக்கெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஐயா, கிளாரினெட் மரத்தில் செய்தது. தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். அதற்குத் தீட்டுக் கழிந்துவிடும், ஆனால் சத்தம் வராது. உங்களுக்கு அதுதான் வேண்டுமா?

அங்கே பின்வரிசையில் கைதட்டுகிறீர்கள். வேண்டாம். கைதட்டி முடித்தால் கோபம் ஆறிவிடும், காரில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவீர்கள். ஆறவிடாதீர்கள்.

நான் கேட்கிறேன். இதே மண்டபத்துக் கல்யாண ஊர்வலத்தில் லாரி நிறைய ஸ்பீக்கர் அடுக்கி, நெஞ்சுக்கூடு அதிர அதிரப் போகிறீர்களே, எதிரே இருக்கும் கிளினிக்கில் நோயாளி அலறுகிறானே, அந்தச் சத்தம் மங்கலமா? சாவுக்கு வாசித்த கை ஆகாது என்றால், சாவுக்குத் துணி விற்ற கை ஆகுமா? மாலை கட்டிய கை ஆகுமா? மயானத்துக்குப் போய்வந்த காலோடுதானே மறுநாள் கடை திறந்தீர்கள்? அழச் சொல்லி வாசித்தால் சரி, ஆறச் சொல்லி வாசித்தால் தவறா? பெண் கேட்காத வரைக்கும் சடங்கு, பெண்ணுக்குக் கேட்டுவிட்டால் அபசகுனமா?

செயலாளர் என்னமோ சைகை காட்டுகிறார். நேரம் ஆகிவிட்டதாம். ஆகட்டும் ஐயா. நால்வரையும் நீக்கிவிட்டதால் அவர்களுக்கு ஒதுக்கிய நேரமும் சும்மாதான் கிடக்கிறது. அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

தலைவர் அவர்களே, இனி நான் உங்களிடம் மட்டும் பேசுகிறேன். உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. என் அம்மாவுக்கும் உண்டு. அதனால்தான் நேருக்கு நேர் கேட்கிறேன். அன்று அந்த இசை தெருவுக்குள் திரும்பி வந்தபோது என் வாசலிலிருந்து நான் பார்த்தேன். இசைக்காரர்களுக்குப் பின்னால் முதல் ஆளாக நடந்து வந்தது யார்? நீங்கள்தான் ஐயா. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, டூபாவின் அடிக்கு ஏற்றபடி அடியெடுத்து வைத்து வந்தீர்கள். உங்களுக்கே அது தெரிந்திருக்காது. என் அம்மாவின் தறி முன்னால் வருடக்கணக்காக நின்ற உங்கள் கால், அன்று அவருக்காகத் தாளத்தோடு நடந்தது. அதைப் பார்த்து என் நெஞ்சு நிறைந்தது.

சாவை வீட்டுக்குக் கூட்டி வந்தது அந்த இசை என்றால், அதோடு கூட வந்தவர் நீங்கள். இசைக்கு ஆகாத மேடை உங்களுக்கு எப்படி ஆகும்? டூபாவுக்கு மஞ்சள் தண்ணீர் என்றால் உங்கள் செருப்புக்கு என்ன? ஒன்று, அந்த நாற்காலியை விட்டு எழுந்து எதிரே டீக்கடையில் அவர்களோடு போய் உட்காருங்கள். இல்லை, அவர்களை உள்ளே அழையுங்கள். மூன்றாவதாக ஒரு வழியை நான் விட்டுவைக்கவில்லை.

எழுந்துவிட்டார்.

என்னிடம் என்னமோ சொல்கிறார். "நீயே கூப்புடு சாமி" என்கிறார். மாட்டேன் ஐயா. எனக்கு அவர்களோடு வழக்கு இல்லை. தாள் ஒட்டிய மன்றத்தின் தலைவர்தான் போய் அழைக்க வேண்டும். சாலையைக் கடந்து போகவேண்டும். பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று கேட்கவேண்டும். அவர்கள் வந்தாலும் வருவார்கள், வராவிட்டாலும் அவர்கள் உரிமை.

படி இறங்குகிறார். வழிவிடுங்கள். செயலாளர் அவர்களே, நீங்கள் அவரைத் தடுக்க வேண்டாம், உங்களுக்கு இங்கே வேலை இருக்கிறது. பின்னால் வந்து இந்தத் தாளை நீங்கள் ஒட்டிய கையாலேயே கிழியுங்கள். மெதுவாகக் கிழியுங்கள், அடியில் மனிதர்கள் இருக்கிறார்கள்.

நான் முடித்துக்கொள்கிறேன். சிரிக்க வைப்பாள் என்று வந்தவர்களை ஏமாற்றிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்தோடு வந்தேன், கோபத்தோடுதான் இறங்குகிறேன். தலைவர் போனதால் அது தீர்ந்துவிடவில்லை. ஒருவரை அழைத்துவிட்டால் ஒரு தெருவுக்கு நியாயம் கிடைத்ததாக ஆகிவிடாது. நாளைக்கு உங்கள் ஊரில், உங்கள் தெருவில், ஒரு பெண் விளக்குமாற்றோடு வாசலில் நிற்பாள். அவளுக்கு முடிந்துவிட்டது என்று யார் சொல்வது என்பதை இன்றே பேசிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. அதைவிட அதிகமாக, அன்று தறியை நிறுத்திய கைகளுக்கு என் நன்றி.

அதோ, வாசலில் செல்லமுத்து பெட்டியைத் திறக்கிறார். மின்விசிறிகளை நிறுத்துங்கள். இந்த மைக்கையும் நிறுத்தப் போகிறேன். தூணுக்குப் பின்னால் இருக்கும் என் தாய்மார்களே, உங்களுக்கு அவர்கள் தெரிய மாட்டார்கள், பரவாயில்லை. உங்களுக்குக் கேட்கும்.

வணக்கம்.